சின்ன ப்ளேனுக்கு மொத்தமா ஒரு பாராசூட்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சின்ன ப்ளேன் ஓட்டுறவங்க, ஓட்டக் கத்துக்கறவங்க, அவங்க கூட பறக்கப்போற வீட்டு ஆளுங்க, இவங்க எல்லாரும் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். பாராசூட் இருக்கற ப்ளேன்லயும் பறந்திருக்கேன், இல்லாத ப்ளேன்லயும் பறந்திருக்கேன். உயிர் சமாச்சாரம், அதனால சுத்தி வளைக்காம எனக்குத் தோணுறத நேராவே சொல்லிடறேன்.

முழு ப்ளேனுக்குமா பாராசூட்? பைலட் குதிக்கறதுக்கு இல்லையா?

இல்லைங்க, யாரும் குதிக்க வேண்டாம். நீங்க சீட் பெல்ட் போட்டு உக்காந்த இடத்துலயே இருப்பீங்க, ப்ளேன் மொத்தமும் ஒரு பெரிய குடைக்கு அடியில தொங்கிக்கிட்டு கீழ இறங்கும். இது இவ்வளவு பிரபலமானதுக்கு அமெரிக்காவோட சிரஸ் கம்பெனிதான் முக்கிய காரணம். அவங்களோட எஸ்ஆர்20 1998-ல சர்டிஃபிகேட் வாங்கினப்பவே பாராசூட்டும் கூடவே வந்துச்சு, அத வேணாம்னு சொல்லி வாங்கவே முடியாது. அதுக்கு அவங்க வச்ச பேரு கேப்ஸ். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே அல்ட்ராலைட்னு சொல்ற ரொம்ப லேசான குட்டி ப்ளேன்கள்ல இது இருந்துச்சு, ஜெர்மனில அல்ட்ராலைட் ப்ளேன் பறக்கணும்னா இந்த மாதிரி ஒண்ணு இருக்கணும்னு சட்டமே இருக்கு.

இழுத்தா உள்ள என்னதான் நடக்குது?

இது பலருக்கும் மேஜிக் மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு படியும் யோசிச்சு செஞ்சது, தெரிஞ்சுக்கிட்டா நம்பிக்கையும் வரும், எங்க நம்பக்கூடாதுன்னும் புரியும். சிரஸ்ல ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவுல, தலைக்கு மேல கூரையில ஒரு மூடி இருக்கும், அத பிச்சி எடுத்தா சிவப்பு கைப்பிடி. அத இழுக்க கிட்டத்தட்ட 20 கிலோ பலம் வேணும், அதனால ஒரு கையால வெடுக்குனு இழுக்கறது இல்ல, ரெண்டு கையாலயும் புடிச்சு கம்பியில தொங்கி புல்-அப் எடுக்கற மாதிரி நேரா கீழ இழுக்கணும். இழுத்ததும் பின்னாடி லக்கேஜ் வைக்கிற இடத்துக்குப் பின்னால இருக்கற ஒரு சின்ன திட எரிபொருள் ராக்கெட் பத்திக்கும். அது மேல இருக்கற மூடியை உடைச்சிக்கிட்டு வெளிய போய் பாராசூட் பையை இழுத்துக்கிட்டு போகும், ரெண்டு செகண்டு பக்கத்துல கயிறெல்லாம் விறைப்பாயிடும்.

ராக்கெட் எதுக்குன்னு கேப்பாங்க. ப்ளேன் தலைகீழா சுத்திக்கிட்டு இருக்கலாம், வால் ஒடஞ்சு தொங்கிக்கிட்டு இருக்கலாம், அந்த நேரத்துல துணி தானா காத்துல விரியும்னு விட்டா அது வால்லயோ இறக்கையிலயோ போய் மாட்டிக்கும். ராக்கெட் அத ப்ளேனை விட்டு தூரமா கொண்டுபோய் விரிக்கும்.

அடுத்த பிரச்சனை, விரியற வேகம். 200 கிலோமீட்டர் வேகத்துல போற ப்ளேன்ல அவ்வளவு பெரிய துணி ஒரே அடியா விரிஞ்சா ஒண்ணு துணி கிழியும், இல்ல கயிறு அறுந்துடும். அதனால கயிறுகள எல்லாம் ஒண்ணா கோத்து ஒரு வளையம் போட்டிருப்பாங்க, அதுக்கு பேரு ஸ்லைடர். முதல்ல அது துணி வாய்க்கு பக்கத்துல இருந்துக்கிட்டு குடையை முழுசா விரிய விடாம புடிச்சுக்கும், வேகம் குறையக் குறைய மெதுவா கீழ வழுக்கி வரும், குடையும் அதுக்கேத்த மாதிரி விரியும். ப்ளேனைத் தாங்குற பட்டைகள் உடம்போட வெளித்தோலுக்கு அடியில புதைஞ்சிருக்கும், அதுங்க தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். முதல்ல மூக்கு கீழ பாத்த மாதிரி தொங்கும், ஒரு எட்டு செகண்டு கழிச்சு பின்பக்க பட்டை நீளமாகி ப்ளேன் மட்டமாகும். மூக்கு கீழ போறத பாத்து பாராசூட் வேலை செய்யலன்னு பதற வேண்டாம், அது அப்படித்தான்.

இது யாரோட ஐடியா?

ஐடியா பழசு. 1929-லயே ராஸ்கோ டர்னர்னு ஒரு அமெரிக்க பைலட் கலிபோர்னியாவுல ஒரு ப்ளேனை பாராசூட்ல இறக்கிக் காட்டினாரு. ஆனா வியாபாரமா மாத்தினது போரிஸ் போபோவ். 1975-ல ஹேங் கிளைடர் (ஆள் தொங்கிக்கிட்டு பறக்கற, இன்ஜின் இல்லாத இறக்கை) ஒடஞ்சு மின்னசோட்டாவுல ஒரு ஏரியில விழுந்து பொழச்சாரு, கையில ஒரு பாராசூட் இருந்திருந்தா நல்லா இருக்குமேன்னு விழும்போதே நினைச்சவரு, 1980-ல பிஆர்எஸ்ங்கற பாராசூட் கம்பெனியை ஆரம்பிச்சாரு. 1983-ல முதல் உயிர் காப்பாத்துனாங்க. இப்ப வரைக்கும் அவங்க கணக்குல 400 பேருக்கு மேல.

சிரஸ் பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. கம்பெனியை ஆரம்பிச்ச கிளாப்மையர் அண்ணன் தம்பில ஆலன் 1985-ல பறந்துக்கிட்டு இருக்கும்போது இன்னொரு ப்ளேன் மோதிடுச்சு. அந்த பைலட் இறந்துட்டாரு, இவரு சேதமான இறக்கையோட எப்படியோ இறக்கிட்டாரு. நாம ப்ளேன் செஞ்சா இதுக்கு ஒரு வழி இருக்கணும்னு அவரு பிடிவாதமா நின்னதுதான் கேப்ஸ். சுடுபட்டவங்க செஞ்ச பொருள் இது, அதனாலயே எனக்கு இதுமேல ஒரு மரியாதை.

எவ்வளவு வேகத்துல தரையில இடிக்கும்? முதுகு ஒடஞ்சிடாதா?

இறகு மாதிரி இறங்கும்னு நினைக்காதீங்க. நிமிஷத்துக்கு 1,700 அடி பக்கத்துல, அதாவது செகண்டுக்கு எட்டு எட்டரை மீட்டர். ஒரு மாடிக்கு கொஞ்சம் மேல, 12 அடி உயரத்துலேர்ந்து ப்ளேனை அப்படியே போட்டா எப்படி இருக்குமோ அப்படி. நல்லாவே அடிக்கும். ஆனா அந்த அடியை வாங்கிக்க முதல்ல லேண்டிங் கியர் (சக்கரமும் அதோட காலும்) நசுங்கும், அப்புறம் சீட்டுக்கு அடியில தேன்கூடு மாதிரி இருக்கற அலுமினியம் நசுங்கும், மீதிதான் முதுகுக்கு வரும். முதுகுல எலும்பு விரிசல் விட்டவங்க இருக்காங்க, ஒண்ணுமே ஆகாம கதவைத் திறந்து நடந்து வந்தவங்கதான் நிறைய.

இத இன்னொண்ணோட ஒப்பிடணும். இன்ஜின் நின்னுபோய் ஒரு மேட்டு நிலத்துல இறக்குறீங்கன்னு வைங்க, ரொம்ப நல்லா செஞ்சாக்கூட தரையைத் தொடும்போது 60 நாட் (மணிக்கு 110 கிலோமீட்டர் பக்கத்துல) வேகம் இருக்கும். பாராசூட்ல 17 நாட். மோதுற சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், கணக்குப் போட்டா 12 மடங்கு வித்தியாசம். நிலம் மட்டமா நீளமா இருந்தா அந்த 60 நாட் உருண்டு ஓடி தீந்துடும், பள்ளம், மரம், கல்லுச்சுவர் இருந்தா ஒரே இடத்துல தீரும். எது உங்களுக்கு கிடைக்கும்னு மேல இருந்து பாக்கும்போது தெரியாது, பச்சையா தெரியறதெல்லாம் புல்வெளி இல்ல.

எவ்வளவு உயரம் இருந்தா வேலை செய்யும்?

ப்ளேனைப் பொறுத்தது, உங்க ப்ளேனோட கையேட்டுல இருக்கற எண்ணுதான் உங்களுக்கு எண்ணு. சிரஸ் பழைய மாடல்கள்ல மட்டமா பறக்கும்போது இழுத்தா 400 அடி, ஸ்பின்ல (ப்ளேன் கட்டுப்பாடு இழந்து சுழன்டுக்கிட்டே கீழ விழறது) இருக்கும்போது இழுத்தா 920 அடி போகும்னு டெஸ்ட்ல காட்டியிருக்காங்க. எஸ்ஆர்22-ங்கற மாடலோட ஜி5 பதிப்புலேர்ந்து எடை 3,600 பவுண்டு ஆச்சு, குடையும் 55 அடி விட்டத்துலேர்ந்து 65 அடி ஆச்சு, பெரிய குடை விரிய நேரம் எடுக்கும் இல்லையா, அதனால உயர இழப்பும் 561 அடி, 1,081 அடின்னு ஏறிடுச்சு.

இதுல பலபேர் தப்பா படிக்கற இடம் ஒண்ணு இருக்கு. அந்த 400 அடிங்கறது ப்ளேன் ஒழுங்கா மட்டமா போகும்போது. டேக்ஆஃப் ஆன கொஞ்ச நேரத்துல இன்ஜின் போச்சு, ரன்வேக்குத் திரும்பிடலாம்னு செங்குத்தா திருப்பி, அதுல ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குற பலத்தை இழக்கறது), மூக்கு கீழ போனதுக்கு அப்புறம் இழுத்தா அந்த 400 உங்களுக்கு கிடையாது. கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ண கதைதான்.

வேகத்துக்கும் எல்லை உண்டு. 133 நாட்லேர்ந்து 140 நாட் வரைக்கும், மாடலைப் பொறுத்து. அதுக்கு மேல இழுத்து பொழச்சவங்க இருக்காங்க, குடை கிழிஞ்சு போய் இறந்தவங்களும் இருக்காங்க. மேகத்துக்குள்ள திசை தெரியாம சுழன்டு கீழ பாயற ப்ளேன்ல வேகம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஏறிடும், அதனால அந்த மாதிரி நேரத்துல சீக்கிரம் இழுக்கறதுதான் புத்திசாலித்தனம். வேகம் ஏறின பிறகும் வேற வழியே இல்லன்னா அப்பவும் இழுக்கத்தான் வேணும், இழுக்காம இருந்து என்ன ஆகப்போகுது.

அப்ப எப்போ இழுக்கணும்? இன்ஜின் நின்ன உடனேவா?

என் பதில்: யோசிக்க வேண்டிய நேரம் அது இல்ல, ரன்வேயில நிக்கும்போதே யோசிச்சு முடிச்சிருக்கணும். சிரஸ் ட்ரெயினிங்ல உயரத்தைப் பிரிச்சு சொல்லிக்குடுப்பாங்க. டேக்ஆஃப் ஆகி 500 அடி (புது மாடலா இருந்தா 600) வரைக்கும் பாராசூட் உங்களுக்கு இல்ல, நேரா முன்னாடி இருக்கற இடத்துலதான் இறக்கணும். அந்த உயரம் வந்ததும் வாய்விட்டு "கேப்ஸ்"னு சொல்லணும், அங்கேர்ந்து 2,000 அடி வரைக்கும் ஏதாவது ஆச்சுன்னா யோசனையே இல்லாம உடனே இழு. 2,000 அடிக்கு மேல இருந்தா நேரம் இருக்கு, பெட்ரோல் டேங்க் மாத்திப் பாரு, பம்ப் போட்டுப் பாரு, பக்கத்துல ரன்வே இருந்தா போ, ஆனா 2,000 அடி வரைக்கும் கீழ வந்தும் ரன்வே கைக்கு வரலன்னா இழு.

ஒரு நல்ல ரன்வே நிச்சயமா எட்டுற தூரத்துல இருந்தா நானும் இன்ஜின் இல்லாம மிதந்துக்கிட்டே போய் (கிளைட் பண்ணி) தான் இறக்குவேன். "நிச்சயமா"ங்கற வார்த்தைதான் இங்க முக்கியம். "எட்டிடும்னு நினைக்கறேன்"னு மனசு சொல்லுச்சுன்னா எட்டாதுன்னு எடுத்துக்கோங்க.

இது தவிர மோதல், கன்ட்ரோல் உடையறது, ஸ்பின், பைலட் மயங்கறது, ராத்திரியில இன்ஜின் நிக்கறது, கீழ காடோ மலையோ இருக்கறது, மேகத்துக்குள்ள எது மேல எது கீழன்னு தெரியாம போறது, இதுக்கெல்லாம் ரெண்டாவது யோசனையே வேண்டாம்.

நல்லா ஓட்டத் தெரிஞ்ச பைலட்டுக்கு இது எதுக்கு?

2002 அக்டோபர்ல டெக்சாஸ்ல ஒரு எஸ்ஆர்22, மெயின்டனன்ஸ் முடிஞ்சு வெளிய வந்து பறக்குது, ஒரு பக்க ஏலரான் (ப்ளேனைப் பக்கவாட்டுல சாய்க்கற, இறக்கை ஓரத்துப் பலகை) கீலிலேர்ந்து கழண்டு தொங்குது. பைலட் இழுத்தாரு, காயமில்லாம இறங்கினாரு, கேப்ஸ் காப்பாத்துன முதல் ஆள் அவருதான். 2021 மே மாசம் டென்வர் பக்கத்துல சென்டென்னியல் ஏர்போர்ட்ல இறங்க வரும்போது ஒரு சிரஸும் மெட்ரோலைனர்ங்கற ஒரு ரெண்டு இன்ஜின் ப்ளேனும் நடுவானத்துல மோதிக்கிச்சு. மெட்ரோலைனருக்கு உடம்புல பெரிய ஓட்டை, ஆனாலும் அது ரன்வேயில இறங்கிடுச்சு, சிரஸ் பாராசூட்ல வயல்ல இறங்குச்சு, ரெண்டுலயும் ஒருத்தருக்கும் கீறல் இல்ல. இறக்கை போன ப்ளேன்ல எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓட்டின அனுபவம் இருந்து என்ன பண்ண முடியும்?

பாராசூட் இருக்குங்கற தைரியத்துல பைலட்டுங்க கண்ட வானிலையில எல்லாம் போக மாட்டாங்களா?

போறவங்க இருக்காங்க, மறைக்க முடியாது. சீட் பெல்ட் வந்தப்பவும் பெல்ட் இருக்குன்னு வேகமா ஓட்டுவாங்கன்னு சாம் பெல்ட்ஸ்மன்னு ஒரு பொருளாதாரக்காரர் 1975-ல எழுதினாரு, அதே வாதம்தான். சிரஸ் வந்த முதல் பத்து வருஷத்துல இத எதிர்த்தவங்க கையில ஆதாரமும் இருந்துச்சு: பாராசூட் இருந்தும் உயிர் போற விபத்து மத்த சின்ன ப்ளேன்கள விடக் குறைவா இல்ல. வேகமான ப்ளேன், காசு இருக்கறவங்க கைக்கு அனுபவம் வர்றதுக்கு முன்னாடியே போச்சு, பெரிய திரை பாத்து பறக்கறது சுலபம்னு தோணுச்சு, மோசமான வானிலைக்குள்ள போனாங்க.

ஆனா ஒவ்வொரு விபத்தா எடுத்துப் பாத்தப்போ சிரஸ் ஓனர்கள் சங்கமான கோபா கண்டுபுடிச்சது வேற. இறந்தவங்கள்ல நிறைய பேருக்கு உயரமும் இருந்துச்சு, நேரமும் இருந்துச்சு, கைப்பிடியை இழுக்கவே இல்ல. 2010-ங்களோட தொடக்கத்துல ட்ரெயினிங்க மாத்தினாங்க, மேல சொன்ன உயர வாரியான முடிவெல்லாம் அப்ப வந்ததுதான். அதுக்கப்புறம் இழுக்கறது கூடுச்சு, சாவு குறைஞ்சுச்சு. ப்ளேன் அதேதான், மாறினது மனுஷன் பழக்கம். அதனாலதான் நான் பாராசூட் பணத்தோட ட்ரெயினிங் பணத்தையும் சேத்துதான் கணக்குப் போடச் சொல்லுவேன்.

கைப்பிடி தலைக்கு மேலயே இருக்கும்போது ஏன் இழுக்க மாட்டாங்க?

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்துல கொஞ்சம் அலட்சியமாத்தான் கேட்டிருக்கேன். அப்புறம் ஒரு நாள் சிமுலேட்டர்ல உக்காந்தேன். மேகத்துக்குள்ள ஏறிக்கிட்டு இருக்கேன், 2,300 அடியில இன்ஸ்ட்ரக்டர் என் திரையை அணைச்சுட்டாரு, கூடவே இன்ஜின் பலத்தையும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாரு. நான் பேக்கப் மீட்டரைப் பாக்கறேன், மிக்ஸ்சர் (பெட்ரோலும் காத்தும் கலக்கற அளவு) பாக்கறேன், டேங்க் மாத்தறேன், பம்ப் போடறேன், திரும்ப மீட்டர். ஒரு தடவை வலது கை மேல போச்சு, மூடியைத் தொட்டுச்சு கூட, "இன்னும் ஒரே ஒரு தடவை பம்ப் போட்டுப் பாப்போம்"னு தோணி கை கீழ வந்துடுச்சு. அடுத்த தடவை உயரத்தைப் பாத்தப்போ 400 அடி. திரை அப்படியே நின்னுடுச்சு.

அவரு திட்டல. "கைப்பிடி எங்க இருக்குன்னு தெரியுமா"ன்னு கேட்டாரு, தெரியும்னேன். "எப்ப இழுக்கணும்னு தெரியுமா?" அதுவும் தெரியும். "அப்புறம் ஏன் இழுக்கல?" எனக்கு பதில் வரல. இப்ப வருது. இழுத்தா நான் தோத்துட்டேன்னு ஒரு நினைப்பு, இவ்வளவு விலை ப்ளேன் போயிடும்னு ஒரு நினைப்பு, இழுத்தப்புறம் தெரிஞ்சவங்க எல்லாம் "ஓட்டி இறக்கியிருக்கலாமே"ன்னு பேசுவாங்கங்கற நினைப்பு. எல்லாம் சேந்து கைய கீழ இழுத்துடுச்சு. அதுக்கப்புறம் நிக்கற ப்ளேன்ல கைப்பிடிக்கு பூட்டு பின் போட்டு வச்சு, மூடி வரைக்கும் கை கொண்டுபோறத இருபது தடவை செய்ய வச்சாரு. இப்பவும் ஒவ்வொரு டேக்ஆஃப்க்கு முன்னாடியும் ஒரு தடவை கைய மேல கொண்டுபோய் தொட்டுட்டுத்தான் த்ராட்டிலை (இன்ஜின் பலத்தைக் கூட்டிக் குறைக்கற பிடி) தள்ளுவேன்.

கோபா ஆளுங்க சொல்ற மாதிரி சீக்கிரம் இழு, தயங்காம இழு. சொன்ன உயரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இழுத்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே உயிரோட இருக்காங்க, கேப்ஸ் மட்டுமே 250 பேருக்கு மேல காப்பாத்தியிருக்கு. ப்ளேன் போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க. இழுத்த நிமிஷத்துலேர்ந்து அது இன்சூரன்ஸ்காரரோட ப்ளேன்.

சிரஸ் ஸ்பின்லேர்ந்து வெளிய வராது, அத மறைக்கத்தான் பாராசூட் வச்சாங்கன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை, பாதி வதந்தி. அமெரிக்க விமானத்துறை கிட்ட ஸ்பின்லேர்ந்து மீட்டுக் காட்டுற டெஸ்டுக்கு பதிலா, ஸ்டால் ஆகறதே கஷ்டமா இருக்கற மாதிரி செஞ்ச இறக்கையையும் பாராசூட்டையும் சேத்துக் காட்டி அனுமதி வாங்கினாங்க, அது உண்மை. ஐரோப்பாவுக்காக ஸ்பின் டெஸ்ட் பண்ணினப்போ ப்ளேன் மீண்டு வந்துச்சு. ஆனா கையேட்டுல ஸ்பின்னுக்கு எழுதியிருக்கற வழி பாராசூட்தான், அதையே செய்யுங்க. ரன்வே பக்கத்துல தாழ்வா திரும்பும்போது ஸ்பின் ஆனா எந்த ப்ளேனுக்குமே மீண்டு வர உயரம் இருக்காது.

எடை, செலவு எப்படி?

நாலு சீட் ப்ளேன்ல 35-லேர்ந்து 40 கிலோ வரைக்கும் போகும். அதாவது ஒரு சின்னப் பையனோ, ஒரு மணி நேரத்துக்கு மேல பறக்கற பெட்ரோலோ உங்க கணக்குலேர்ந்து போச்சு. ரெண்டு சீட் ப்ளேன்ல இது நிஜமான வலி, ரெண்டு பெரிய ஆளுங்க உக்காந்தாலே எடை எல்லையைத் தொட்டுடற ப்ளேன்கள் உண்டு, அங்க பாராசூட்டுக்காக பெட்ரோலைக் குறைச்சா நீங்க ஒரு ஆபத்தை எடுத்துட்டு இன்னொண்ணை உள்ள வைக்கறீங்க.

சிரஸ்ல பத்து வருஷத்துக்கு ஒரு தடவை துணியை மறுபடி மடிச்சு பேக் பண்ணணும், ராக்கெட்டையும் மாத்தணும், பத்தாயிரம் டாலருக்கு மேல ஆகும். பேக் பண்றது சும்மா மடிச்சு வைக்கறது இல்ல, பிரஸ் வச்சு அழுத்தி அழுத்தி செங்கல் மாதிரி ஆக்குவாங்க, நகத்தால குத்தினா உள்ள போகாது, இதுவா துணின்னு இருக்கும். பழைய ப்ளேன் வாங்கறவங்க இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கேப்பாங்க, பாராசூட் தேதியைக் கேக்க மறந்துடுவாங்க, அப்புறம் அடுத்த வருஷமே பெரிய பில் வந்து நிக்கும். முதல்ல அத கேளுங்க.

இழுத்தப்புறம் ஓட்ட முடியுமா? எங்க போய் இறங்கும்?

முடியாது. இதுதான் எனக்கு இதுல இருக்கற பெரிய குறை. இழுத்த நிமிஷத்துலேர்ந்து நீங்க பயணி, காத்து எங்க கொண்டுபோகுதோ அங்க. ரோடு, மரம், கரென்ட் கம்பி, வீட்டுக் கூரை, எதுவும் வரலாம். கீழ நிக்கறவங்க பத்தியும் யோசிக்கணும்தான், ஆனா 17 நாட்ல மேலேர்ந்து கண்ணுக்குத் தெரியற மாதிரி வர்ற ப்ளேன், 100 நாட்ல கட்டுப்பாடில்லாம வர்ற ப்ளேனை விட அவங்களுக்கும் நல்லது.

தண்ணியில இறங்கறது கொஞ்சம் கஷ்டம், ஏன்னா லேண்டிங் கியர் நசுங்கி அடி வாங்கிக்கறது அங்க நடக்காது, மொத்த அடியும் வயித்துல விழும். ஆனாலும் 2015 ஜனவரில கலிபோர்னியாவுலேர்ந்து ஹவாய்க்கு தனியா போன பைலட், டேங்க்லேர்ந்து பெட்ரோல் மாத்த முடியாம போய், மாவி தீவுக்கு 250 மைல் முன்னாடி இழுத்தாரு. கோஸ்ட் கார்டு ப்ளேன் மேலேர்ந்து படம் புடிச்சிருக்கு: குடை விரியுது, ப்ளேன் தொங்குது, தண்ணியில விழுது, அவரு வெளிய வந்து லைஃப் ராஃப்ட்ல ஏறிடறாரு, பக்கத்துல வந்த பயணிகள் கப்பல் தூக்கிக்கிச்சு. உயரம் இருக்கும்போதே முடிவு பண்ணி, கப்பல் பக்கத்துல இழுத்தாரு. சரியான பாடம் அது.

தீப்புடிச்சா?

பாராசூட் இங்க பெருசா உதவாது. துணி எரியும், உருகும், மெதுவா இறங்கற நேரம் முழுக்க தீக்குள்ள இருப்பீங்க. 2010 பிப்ரவரில கொலராடோவுல போல்டர் பக்கத்துல ஒரு சிரஸ், கிளைடரை இழுத்துக்கிட்டுப் போன ப்ளேனோட மோதுச்சு, எரியற ப்ளேன் பாராசூட்ல தொங்கிக்கிட்டே இறங்குச்சு, உள்ள இருந்தவங்க பொழைக்கல. தீன்னா பெட்ரோலை மூடிட்டு எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா கீழ இறக்கறதுதான் முதல் வேலை.

உள்ள ராக்கெட் இருக்கறது ஆபத்து இல்லையா?

பறக்கறவங்களை விட, விபத்து ஆன இடத்துக்கு உதவிக்கு ஓடி வர்றவங்களுக்கு ஆபத்து. இழுக்காமலே விழுந்த ப்ளேன்ல ராக்கெட் அப்படியே இருக்கும், தகடு வளைஞ்சு கேபிள் விறைப்பா இருக்கும், தெரியாம அறுத்தாலோ இழுத்தாலோ பத்திக்கலாம், அது வெளிய வர்ற திசையில ஆள் இருந்தா அவ்வளவுதான். அதனால ப்ளேன் மேல ராக்கெட் வெளிய வர்ற இடத்துல எச்சரிக்கை ஒட்டியிருப்பாங்க. நீங்க தீயணைப்பு வேலையில இருந்தா சின்ன ப்ளேன் விபத்துன்னதும் முதல்ல அந்த ஸ்டிக்கரைத் தேடுங்க, தெரியாத கேபிளை அறுக்காதீங்க.

நிக்கற ப்ளேன்ல கைப்பிடிக்கு ஒரு பின் போட்டிருக்கும், சிவப்பு நாடாவோட. பறக்கறதுக்கு முன்னாடி எடுக்கணும். எடுக்க மறந்தா பாராசூட் இல்லாத ப்ளேன்தான் ஓட்டுறீங்க. செக்லிஸ்ட்ல வாயால படிக்காம கண்ணால பாத்து, கையில எடுத்து, அது வைக்க வேண்டிய இடத்துல வைங்க.

பழைய ப்ளேன்ல மாட்ட முடியுமா?

சில மாடலுக்கு முடியும். செஸ்னா 150, 172, 182-க்கு பிஆர்எஸ் அனுமதி வாங்கி வச்சிருக்கு. லக்கேஜ் இடம் போகும், எடை போகும், பழைய 172-வோட விலையோட பாத்தா செலவு கண்ணுல தண்ணி வர வைக்கும். பகல்ல, நல்ல வானிலையில, தட்டையான நிலத்து மேல மட்டும் பறக்கற பழைய 172-க்கு அந்தப் பணத்தை ட்ரெயினிங்குக்கும் நல்ல தோள்பட்டை பெல்ட்டுக்கும் போடுங்கன்னுதான் சொல்லுவேன், அது மெதுவா இறங்கற, பைலட் தப்பு பண்ணினாலும் மன்னிக்கற ப்ளேன். ராத்திரி, மலை, காடு, மேகம்னு பறக்கறவரா இருந்தா என் பதில் மாறும்.

பெரிய விமானத்துக்கு ஏன் வைக்கல?

கணக்கு ஒத்து வராது. 1,600 கிலோ சிரஸுக்கு 65 அடி குடை. முழு எடையில ஒரு போயிங் 737 79,000 கிலோ, கிட்டத்தட்ட 49 மடங்கு, குடை துணியும் அத்தனை மடங்கு வேணும், ரெண்டு கால்பந்து மைதானம் அளவு வரும். அத 800 கிலோமீட்டர் வேகத்துல விரிக்கணும். ஜெட்டுல இதுவரைக்கும் போனது சிரஸ் விஷன் ஜெட் தான், 2016-ல சர்டிஃபிகேட் வாங்குச்சு, ஏழு பேர் உக்கார்ற சின்ன ஜெட், பாராசூட் மூக்குல இருக்கு. 2022-ல ஃப்ளோரிடாவுல முதல் தடவை நிஜமா இழுத்தாங்க, எல்லாரும் பொழச்சாங்க.

பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு என்ன சொல்லிக்குடுக்கணும்?

என்னைப் பொறுத்தவரைக்கும் பாராசூட்டோட பெரிய நன்மையே இதுதான். பைலட் மயங்கிட்டா மத்த ப்ளேன்ல பக்கத்துல இருக்கறவங்களுக்கு செய்ய ஒண்ணுமே இல்ல, இதுல ஒண்ணு இருக்கு. எங்க அம்மாவை முதல் தடவை கூட்டிட்டுப் போனப்போ நிக்கற ப்ளேன்ல உக்கார வச்சு, மூடி எங்க, கைப்பிடி எப்படி வரும்னு காட்டினேன். கை எட்டுச்சு, பலம் வருமான்னு பயந்தாங்க, ரெண்டு கையாலயும் புடிச்சு உடம்பு எடையோட கீழ வாங்கம்மான்னேன். "நீ நல்லா இருக்கும்போது நான் பயந்துபோய் இழுத்துட்டா என்ன பண்றது"ன்னு கேட்டாங்க. "நான் பேசலன்னா, ரெண்டு தடவை தட்டியும் பதில் சொல்லலன்னா மட்டும் இழுங்க"ன்னு சொன்னேன். எப்ப இழுக்கக்கூடாதுங்கறதையும் சேத்தே சொல்லிடணும், அப்பதான் அவங்களும் நிம்மதியா வெளிய வேடிக்கை பாப்பாங்க.

சொல்லிக்குடுக்க வேண்டிய வரிசை: த்ராட்டிலைப் பின்னாடி இழு, மூடியை எடு, ரெண்டு கையால நேரா கீழ இழு, கைப்பிடி முழுசா வர்ற வரைக்கும் விடாத. அப்புறம் மிக்ஸ்சரை மூடி இன்ஜினை நிறுத்து, பெல்ட்டை இறுக்கு, கண்ணாடி, பேனா எதுவும் மடியில இருக்க வேண்டாம், முதுகை நிமித்தி சீட்டோட ஒட்டி உக்காரு, காலை நீட்டாத. தரையில பட்டதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, காத்து இருந்தா குடை மறுபடி ஊதிக்கிட்டு ப்ளேனை இழுத்துக்கிட்டுப் போகும். ப்ளேன் நின்னதும் இறங்கி, காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கமா நடங்க, குடை கிடக்கற பக்கம் மட்டும் போகாதீங்க.